குழாய்க்காரர் வீட்டு ஸ்கூட்டர்: அத்தியாயம் 9

"உனக்குக் கை நடுங்குதாமே?"

கேட்டுக்கொண்டே கணக்கு வாத்தியார் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

காலை ஆறரை மணி. குழாய்க்காரர் வீட்டு மருமகள் அவர் மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் நரம்பைத் தடவிப் பார்த்து, பஞ்சால் துடைத்தும் முடித்திருந்தாள். ஊசியின் மூடியைக் கழற்ற வேண்டியதுதான் பாக்கி.

"யார் சார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன? வண்டியிலேருந்து விழுந்தியாமே. கை நடுக்கம்தான் காரணமாம். எனக்கு நரம்பு கிடைக்கறதே பெரும்பாடு. நீ போய் வேற யாரையாவது அனுப்பும்மா."

நான்கு வருஷமாக அந்த மனிதருக்கு ரத்தம் எடுப்பவள் அவள். மற்றவர்கள் மூன்று இடத்தில் குத்தி, நான்காவது இடத்தில் மன்னிப்புக் கேட்கும் கை அது. இவள் ஒரே குத்தில் எடுப்பாள். அந்தக் கையைத்தான் அவர் இன்று பின்னால் ஒளித்துக்கொண்டார், மிட்டாய் திருடிய பையன் மாதிரி.

மருமகள் பட்டையை அவிழ்த்தாள், பெட்டியை மூடினாள், படியிறங்கினாள். அவளுக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி. இவள் ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவள். தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் 'ஊசியக்கா'. மூன்று வாரத்துக்கு முன்பு, பெட்ரோல் பங்க் வளைவில் வேகத்தைக் குறைத்தபோது ஸ்கூட்டரின் ஹேண்டில் இடமும் வலமுமாக உதறியது. விழுந்தாள். முழங்கால் தோல் போனது, ஏழு பேருடைய ரத்தக் குப்பிகள் உடைந்தன. அந்த ஏழு பேரிடமும் போய் மறுபடி கையை நீட்டச் சொன்னாள். அவர்கள் திட்டியதைவிட வீட்டில் கிடைத்த தீர்ப்புதான் வலித்தது.

"வண்டியில ஒண்ணும் இல்ல. ஓட்டற கையிலதான் கோளாறு."

தீர்ப்புச் சொன்னவர் மாமனார். நாற்பது வருஷம் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பூட்டிய குழாயில் ஒரு சொட்டு ஒழுகியதில்லை என்று ஊரே சொல்லும்; ஊர் சொல்ல மறந்தால் அவரே சொல்வார். கணவன் வழக்கம்போலத் தலையாட்டினான். நாத்தனார் அதைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவள் மகன் அதே கணக்கு வாத்தியாரிடம்தான் டியூஷன் படிக்கிறான். யார் சொன்னார்கள் என்று துப்பறிய வேண்டிய அவசியமே இல்லை.

மருமகளும் சும்மா இருக்கவில்லை. காற்றைச் சரிபார்த்தாள், புது டயர் போட்டாள், சக்கரத்தை பேலன்ஸ் செய்தாள். ஹேண்டில் அப்படியேதான் உதறியது.

அடுத்த வீட்டு வாசலில் கைபேசி அடித்தது. பரிசோதனைக் கூடத்தின் மேலாளர் அம்மா.

"வாத்தியார் போன் பண்ணினார். இதோட மூணாவது ஆள். கை நடுக்கம்னு பேர் வந்துட்டா வெளியில அனுப்ப முடியாதும்மா. உள்ள உக்காந்து குப்பியில பேர் எழுதி ஒட்டு. சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லு."

"என் கை நடுங்கலை மேடம். வண்டிதான் ஆடுது."

"அதை நம்பற மாதிரி ஏதாவது கொண்டு வா."

ஊசி போடுகிறவளுக்குக் கைதான் சொத்து. அதற்குப் பெயர் கெட்டுவிட்டால் அப்புறம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து லேபிள் ஒட்ட வேண்டியதுதான், ஆயுசுக்கும்.

* * *

ஒன்பதரைக்கு வீடு திரும்பியபோது வாசலில் நாத்தனாரின் ஸ்கூட்டர் நின்றது. மாமியாருக்குக் கண் பரிசோதனை. பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி; போனால் திரும்ப நாலு மணி ஆகும். நாத்தனார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, முகம் ஒரு மாதிரி இருக்கு? இன்னிக்கும் ஆடிச்சா?"

"வாத்தியார்கிட்ட என்ன சொன்னே?"

"உள்ளதைச் சொன்னேன். பெரியவர், பாவம். ஏடாகூடமா குத்திட்டா?"

"நாலு வருஷமா குத்தறேன்."

"அப்போ நீங்க விழலையே." நாத்தனார் தன் ஹேண்டிலை ஒரு பக்கம் தள்ளி விட்டுக் காட்டினாள். அது தள்ளிய இடத்திலேயே நின்றது. "இங்க பாருங்க. வெச்ச இடத்துல அப்படியே நிக்குது. திருப்பறதுக்குக் கொஞ்சம் கனமா இருக்கு, ஆனா என் கையில என்னிக்காவது ஆடியிருக்கா? எல்லாம் ஓட்டற விதம்தான், அண்ணி."

மாமியார் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "ஏண்டி காலையிலயே வாயக் கொடுக்கறே? கிளம்பு," என்று மகளை அதட்டினாள். மருமகளுக்காகப் பேசுவதாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆஸ்பத்திரியில் டோக்கன் போய்விடும் என்ற கவலை அவளுக்கு.

உள்ளே போனால் அடுத்த வேட்டு. கணவன் குழாய்ச் சாமான் கடை வைத்திருக்கிறான். அன்று கடைக்கு விடுமுறை. தொலைக்காட்சியைப் பார்த்தபடியே சொன்னான்.

"நாலு மணிக்கு ஒருத்தர் வர்றார். வண்டியப் பாக்க."

"எந்த வண்டியை?"

"உன் வண்டியைத்தான். அப்பாதான் நல்ல ஆளாப் பாத்துச் சொன்னார். சாவியக் குடு, துடைச்சு வைக்கறேன்."

"என் வண்டியை விக்கறதுக்கு நீங்க ஆள் பாத்தாச்சு. எனக்கு இப்பதான் சொல்றீங்க."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றோம்," என்றார் மாமனார், நாற்காலியிலிருந்து எழாமலே. அவர் கையில் சமையலறைக் குழாயின் கைப்பிடி இருந்தது. மூன்றாவது தடவையாகக் கழற்றி மூன்றாவது தடவையாக இறுக்கிக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் ஒரு ஜாடி மூடியைத் திறக்கக்கூட இரண்டு பேர் வேண்டும். எல்லாவற்றுக்கும் அவர் கடைசியாக இன்னொரு திருகு கொடுத்திருப்பார். "விழுந்து எழுந்து வந்தே. அடுத்த தடவை எழுந்து வருவியோ மாட்டியோ. உன் பின்னாடி எவனாவது நம்பி உக்காருவானா? நான் உக்கார மாட்டேன்பா."

"ஊசி போடும்போது நடுங்காத கை, வண்டி ஓட்டும்போது மட்டும் நடுங்குமா மாமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வண்டியில கோளாறு இல்ல. அது எனக்குத் தெரியும்."

எப்படித் தெரியும் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கோபத்தில் கேட்கத் தோன்றவில்லை. கணவன் மட்டும் சட்டென்று தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான். அதையும் அவள் கவனிக்கவில்லை.

கணவன் சாவிக்காகக் கையை நீட்டினான். அவள் சாவியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"நாலு மணிக்குத்தானே? அதுவரைக்கும் அது என் வண்டி."

* * *

மெக்கானிக்குக்கு 'சந்தேகம்' என்று பெயர். அப்பா அம்மா வேறு ஏதோ வைத்திருப்பார்கள். பெட்ரோல் முள்ளைக்கூட நம்பாமல் டாங்கில் குச்சி விட்டுப் பார்க்கிறவர். அவர் பட்டறை பழைய மர டிப்போவுக்குப் பின்னால் இருந்தது. டயர் கடைக்காரர்கள் மூன்று பேர் கைவிரித்த பிறகுதான் அவளுக்கு அவர் ஞாபகம் வந்தது.

"எப்போ ஆடுது? வேகம் ஏத்தும்போதா, குறைக்கும்போதா?"

"குறைக்கும்போது. அம்பதுலேருந்து நாப்பதுக்கு வரும்போது. ஒரு கையை லேசா எடுத்தா ரொம்ப உதறும்."

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"என் கைதான் நடுங்குதாம்."

அவர் சாவியை வாங்கிக்கொண்டு வண்டியை ஓட்டிப் போனார். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"ஆடுது."

ஒரே வார்த்தை. மூன்று வாரத்தில் அவள் பேச்சை உறுதி செய்த முதல் மனிதர். அவளுக்கு அழுகை வந்தது. அதுவும் கோபத்தில் வந்த அழுகை. இதைச் சொல்ல ஐந்து நிமிஷம்தான் ஆகிறது. வீட்டில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், அந்த ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

சந்தேகம் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் கட்டை கொடுத்து முன் சக்கரத்தை அந்தரத்தில் தூக்கினார். சக்கரத்தைச் சுழல விட்டு, ரிம்முக்கு ஒட்டினாற்போல் ஒரு சாக்பீஸைப் பிடித்தார். ரிம் கோணலாக இருந்தால் புடைத்த இடத்தில் மட்டும் கோடு விழும். சுற்றிலும் ஒரே சீராக விழுந்தது.

"ரிம் நல்லாருக்கு."

சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து இழுத்துத் தள்ளினார். அசைவில்லை. "சக்கர பேரிங்கும் நல்லாருக்கு." அப்புறம் தரையில் குந்தி, சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடிப்பாகம் இரண்டையும் சேர்த்துப் பிடித்து முன்னும் பின்னுமாக இழுத்தார்.

"ஊசியக்கா, இங்க ஹேண்டிலுக்குக் கீழ, கழுத்துல விரலை வைங்க. நான் இழுக்கறேன். ஏதாவது தெரியுதா பாருங்க."

தோலுக்கு அடியில் ஓடும் நரம்பைத் தேடிப் பழகிய விரல். வைத்தவுடன் தெரிந்தது. உள்ளே எங்கேயோ 'டொக்' என்று ஒரு சின்ன இடி. தள்ளும்போது ஒன்று, இழுக்கும்போது ஒன்று.

"தெரியுது அண்ணே."

"இப்ப ஹேண்டிலை மெதுவா திருப்புங்க. ஒரு விரலால."

திருப்பினாள். நேராக வரும் இடத்தில் ஹேண்டில் ஒரு குழிக்குள் இறங்கியது போல் நின்றது. கொஞ்சம் அழுத்தினால்தான் தாண்டியது.

"கோன் செட் போயிடுச்சு," என்றார் சந்தேகம். "கழுத்துக்குள்ள மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, குண்டு வளையம் இருக்கும். ஹேண்டில் திரும்பறதே அந்தக் குண்டுங்க மேலதான். ஆனா உங்க வண்டிக்கு இவ்வளவு சீக்கிரம் போகாது. யாராவது கழட்டினாங்களா?"

"யாரும் கழட்டலை."

"எனக்குச் சந்தேகமா இருக்கு."

முன்புறத் தகட்டைக் கழற்றி, ஹேண்டிலைத் தூக்கி ஓரமாக வைத்தார். கழுத்தின் மேல் நட்டு தெரிந்தது. அதைச் சுற்றிலும் பல் பல்லாகக் கடித்த தழும்பு.

"எந்த மெக்கானிக்கும் இதுல பைப் ரெஞ்ச் போட மாட்டான். குழாய்க்காரன்தான் போடுவான்." சொல்லிவிட்டு நட்டைத் திருகினார். அசையவில்லை. ரெஞ்சின் பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி, உடம்பையே சாய்த்து அழுத்தினார். கிறீச்சென்று விட்டுக்கொடுத்தது.

நட்டு வெளியே வந்தபோது அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"இது என்னம்மா கூத்து?"

மரை முழுக்க வெள்ளை டேப். தண்ணீர் ஒழுகாமல் இருக்கக் குழாய் மரையில் சுற்றுவார்களே, அதேதான். ஸ்கூட்டரின் கழுத்தில். நெருக்கமாக, மடிப்பில்லாமல், நுனியைக் கட்டை விரலால் தேய்த்து ஒட்டி அழகாக வேறு சுற்றியிருந்தது.

மருமகளுக்கு அந்தச் சுற்று தெரியும். சமையலறைக் குழாயில், குளியலறைக் குழாயில், மாடித் தொட்டியில், வீடு முழுக்க அந்தச் சுற்றுதான். கையெழுத்து மாதிரி.

இரண்டு மாதத்துக்கு முன்பு, வேகத்தடையில் ஏறும்போது முன்னால் 'டிக் டிக்' என்று கேட்கிறது, மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் சொன்னாள். மறுநாள் அம்மா வீட்டுக்குப் போய் நாலு நாள் தங்கினாள். வந்து பார்த்தால் சத்தம் இல்லை. தானாகச் சரியாகிவிட்டது என்று நினைத்தாளே, அவளைச் சொல்ல வேண்டும்.

"குழாய் இணைப்பு அசையவே கூடாது. இது அசைஞ்சே ஆகணும்," என்று சந்தேகம் வளையங்களைத் துணியில் துடைத்துக் காட்டினார். வழவழவென்று இருக்க வேண்டிய பாதையில் வரிசையாகக் குழிகள். "இப்படி நெரிச்சா குண்டு வளையத்துல பதிஞ்சுடும். மொதல்ல ஹேண்டில் இறுகும். கொஞ்ச நாள்ல குழி ஆழமாகி லூஸாகும். அப்புறம்தான் உதறல். நீங்க ஒரு நாளைக்கு நாப்பது கிலோமீட்டர் சுத்தறீங்க, உங்களுக்குச் சீக்கிரம் வந்துடுச்சு."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

புது வளையங்கள் இறங்கின. கிரீஸ் பூசினார். நட்டை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, மறுபடி விரலால் சோதித்து, மேல் நட்டைப் பூட்டினார். சக்கரம் அந்தரத்தில் இருக்க, ஹேண்டிலை லேசாகத் தட்டினார். அது தானாகவே சாய்ந்து கடைசி வரை போய் விழுந்தது. அந்தப் பக்கம் தட்டினார். அந்தப் பக்கமும் விழுந்தது.

"இதான் அளவு. தட்டினா தானா விழணும். வெச்ச இடத்துல நின்னுச்சுன்னா ஆபத்து."

வெளிச்சாலையில் அவளே ஓட்டிப் பார்த்தாள். ஐம்பது. ஆக்ஸிலரேட்டரை விட்டாள். நாற்பத்தைந்து, நாற்பது. இடது கையை மெல்ல எடுத்தாள். வண்டி கோடு போட்டது போலப் போனது. ஹெல்மெட்டுக்குள் அவள் ஒரு கெட்ட வார்த்தையைச் சத்தமாகச் சொன்னாள். என்ன வார்த்தை என்பதைப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

பழைய வளையங்களையும் டேப்பையும் ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டாள்.

* * *

நாலு மணிக்குக் கால் மணி இருந்தது. மாமனார் முன்னால் இருந்த மேசையில் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினாள். வளையம் ஒன்று உருண்டு போய் அவர் காலடியில் விழுந்தது.

"இது என்னன்னு தெரியுதா மாமா?"

அவர் டேப்பைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சத்தம் வருதுன்னு நீதானே சொன்னே? நின்னுச்சா இல்லையா? நாப்பது வருஷம் பூட்டியிருக்கேன். ஒரு சொட்டு..."

"அது குழாய் இல்ல மாமா! வண்டி! அதுல தண்ணி வராது! நான் விழுந்து முட்டி கிழிஞ்சு வந்து நின்னேன். 'ஓட்டற கையிலதான் கோளாறு'ன்னு சொன்னீங்க. ஊர் முழுக்க என் கை நடுங்குதுன்னு பேசுது. என் பொழப்பு போகப் போகுது. உங்க கை பண்ணின வேலைக்கு என் கை மேல பழி!"

"நான் இறுக்கினதாலதான் ஆச்சுன்னு அவன் சொன்னா ஆயிடுமா?"

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். அவன் தொலைக்காட்சியை அணைத்துவிட்டிருந்தான்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நான் ஹேண்டிலை மட்டும்தான் பிடிச்சுக்கிட்டேன்..."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். அப்பா மனசு கஷ்டப்படுமேன்னுதான்..."

"அப்பா மனசு கஷ்டப்படக் கூடாது. பொண்டாட்டி செத்தாப் பரவாயில்ல. மூணு வாரம், தினமும் காலையில நான் அந்த வண்டியில கிளம்பும்போது வாசல்ல நின்னு பாத்து போயிட்டு வான்னீங்களே. எப்படிங்க வந்தது வாய்?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மாமனாரின் கைபேசியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"வாத்தியாருக்குப் போன் பண்ணுங்க. கோளாறு வண்டியில, அதைப் பண்ணினது நான்னு உங்க வாயால சொல்லுங்க. இப்பவே. அப்புறம் என் மேலாளருக்கும் சொல்லணும்."

மாமனார் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசையில் கிடந்த வளையத்தை எடுத்து, அந்தக் குழிகளின் மேல் விரலை ஓட்டினார். ஒரு முறை, இன்னொரு முறை. நாற்பது வருஷம் இரும்போடு பழகிய விரல். அதற்கும் தெரியாமல் போகாது. அவர் முகம் செத்துப்போனது.

எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. துண்டித்தார். மறுபடி அழுத்தினார்.

"எடுக்க மாட்டேங்கறா," என்றார்.

"எடுக்க மாட்டேங்கறாளா? வாத்தியாருக்குத்தானே போட்டீங்க?"

"சின்னவளுக்கு." அவர் மறுபடி எண்ணை அழுத்தினார். "அன்னிக்கு அவளும் வந்திருந்தா. உனக்குப் பண்ணின கையோட அவ வண்டிக்கும்... டேப்பு மிச்சம் இருந்தது."

வெச்ச இடத்துல அப்படியே நிக்குது. காலையில் நாத்தனார் பெருமையாகத் தள்ளிக் காட்டிய ஹேண்டில் மருமகளின் கண் முன்னால் வந்து நின்றது. அவளைப் பிடிக்காது, அது வேறு. பின்னால் மாமியார். கண்ணில் மருந்து விட்டிருப்பார்கள். எதிரில் வருவது தெரியாது. பாலத்தின் இறக்கத்தில் எல்லோரும் வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

மாமியாரின் கைபேசிக்குப் போட்டான் கணவன். அது அடுத்த அறையில், சார்ஜரில் கிடந்து அடித்தது.

மருமகள் ஹெல்மெட்டை எடுத்தாள். வாசலில் ஒருவர் நின்றிருந்தார். "நாலு மணிக்கு வரச் சொன்னாங்க. இதுதானா வண்டி?" என்று ஸ்கூட்டரின் இருக்கையைத் தட்டினார்.

"விக்கறதுக்கு இல்ல. வழி விடுங்க."

வண்டியைக் கிளப்பியபோது பின்னால் கனம் ஏறியது. திரும்பிப் பார்த்தாள். மாமனார். செருப்புகூடப் போடவில்லை. இரண்டு கையாலும் அவள் தோளைப் பற்றிக்கொண்டிருந்தார்.

"போம்மா," என்றார்.

"இறுக்கிப் பிடிக்காதீங்க மாமா. தோள் வலிக்குது. போன் போட்டுக்கிட்டே வாங்க."

பிடி தளர்ந்தது. கடைத்தெரு, மர டிப்போ, பெட்ரோல் பங்க். அவள் விழுந்த வளைவு. வேகத்தைக் குறைத்தாள். ஹேண்டில் ஒரு நூல் அசையவில்லை. பாலம் கண்ணுக்குத் தெரிந்தபோது பின்னால் மாமனார் "ஹலோ, ஹலோ" என்றார்.

அப்புறம் அவர் பிடி மறுபடி அவள் தோளில் இறுகியது.

"என்ன மாமா? என்ன சொல்றா?"

"அவ இல்ல. யாரோ ஆம்பளை எடுத்திருக்கான்," என்றார் அவர். "இந்தப் போன் யாரோடதுன்னு கேக்கறான்."

அப்போதுதான், நான்கு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் கை நடுங்கியது. வண்டி நடுங்கவில்லை.